துர்காதேவிக்கு ஒரு ஸ்டூல்

துர்காதேவியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் காலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முகம் அப்புறம். நாவலூர் 'நிறைகுடம்' சூப்பர் மார்க்கெட்டில் பில் போட வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்திருப்பார்கள். "பை வேணுங்களா, போன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்கிற குரலையும் கேட்டிருப்பார்கள். மேசைக்குக் கீழே இருந்த கால்களை யாரும் பார்த்ததில்லை. முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சை பச்சையாக முறுக்கிக்கொண்டு, சாயங்காலமானால் கொலுசுக்கு இடமில்லாமல் வீங்கிப் போகும் கால்கள். ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர், "ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா" என்றாள். நிற்பதற்குத்தான் சம்பளமே வாங்குகிறவளிடம் இதைச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? சரிங்க டாக்டர் என்று தலையாட்டிவிட்டு, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் வழியெல்லாம் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

அவளுடைய அம்மா இதே பக்கத்தில் யார் யாருடைய கழனியிலோ நாற்று நட்டவள். நாளெல்லாம் குனிந்தே இருந்து, கடைசிக் காலத்தில் நிமிர முடியாமலே போய்ச் சேர்ந்தாள். கழனி போய் அடுக்குமாடி வந்ததும் மகளுக்கு நேர்மாறான வேலை கிடைத்தது. நாளெல்லாம் நிமிர்ந்தே நிற்க வேண்டும். இதற்குப் பெயர் முன்னேற்றம் என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். துர்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். புருஷன் வரதன் முட்டுக்காடு படகுத்துறையில், படகு ஏற வருகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடுகிறவன். மகள் செங்கல்பட்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். தையூரில் ஒரு அறை வீடு.

கடையில் உட்காருவது குற்றம் என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் கல்லாவுக்கு மேலே கேமரா இருந்தது. ஒருநாள் மதியம் கூட்டமில்லாத நேரத்தில், காலிப் பால் டிரே ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். செங்கல்பட்டு தலைமை ஆபீஸில் இருந்து கிளை மேனேஜர் உப்பிலிக்குப் போன் வந்துவிட்டது. உப்பிலி நல்ல மனிதர்தான். திருக்கழுக்குன்றத்துக்காரர், போன் அடித்தாலே எழுந்து நிற்கிறவர். அவர் வந்து, "கஸ்டமர் முன்னாடி உக்காந்துண்டு பில் போட்டா கடைக்கு மரியாதையாம்மா? நான் சொல்லல, அவா சொல்றா" என்றார். உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே வந்த பிறகு கம்பெனி சும்மா இருக்கவில்லை. மரியாதையாக ஒரு ஸ்டூலை வாங்கி, கோடவுனில் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் போட்டு வைத்தது.

"சட்டம் ஒக்காந்துகினு கீது, நீ நின்னுகினு கீற" என்று சொல்லிச் சிரித்தவன் ஜெரோம்.

ஜெரோம் கோவளத்துப் பையன். கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை இருந்தும் துர்காவுக்கு அவன் பையன்தான். அப்பா கட்டுமரத்தில் போய்ப் பிடித்துவந்ததை மகன் ஃப்ரீசரில் அடுக்குகிறான் என்று கடையில் கேலி பேசுவார்கள். பால், தயிர், கோழி, மீன், ஐஸ்கிரீம் எல்லாம் அவன் பொறுப்பு. நாவலூர்க் கிளைக்குச் சங்கச் செயலாளரும் அவன்தான். துர்காவைச் சங்கத்தில் சேர்த்ததும் அவனே. சந்தா கொடுத்தாளே தவிர, அவளுக்குச் சங்கத்தின் மேல் பெரிய பக்தி கிடையாது. கம்பெனியின் ஏழு கடைக்கும் சேர்த்துச் சங்கம் எழுதிய கோரிக்கைகளில் சம்பளத்துக்கும் வார விடுமுறைக்கும் கீழே, 'பில் போடும் இடத்தில் உட்கார ஸ்டூல்' என்று ஒரு வரி சேர்த்திருப்பதாக அவன் சொன்னபோதுதான் அவளுக்கு நிஜமான ஆசை வந்தது. ஸ்டூல் கிடைத்தால் இன்னும் சில வருஷம் வேலை பார்க்கலாம். கிடைக்காவிட்டால் மகள் படிப்பு முடிவதற்குள் கால் முடிந்துவிடும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கடை மூடும் முறையைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்த எல்லாமே அதில்தான் இருக்கிறது.

கடைசி வாடிக்கையாளர் போனதும் கோடவுனுக்குப் போகிற சந்தில் இருக்கும் கரண்ட் போர்டுக்கு துர்கா போவாள். வருஷக்கணக்காக அது அவள் வேலை. வரிசையாக இருக்கும் சுவிட்சுகளை உள்ளங்கையால் ஒரே இழுப்பில் கீழே தள்ளுவாள். ஃப்ரீசர் சுவிட்சும் அந்த வரிசையின் நடுவில்தான் இருந்தது. அதையும் சேர்த்தே இறக்க வேண்டும், காரணம் ஜெரோம். பால், தயிர் அடுக்கிய திறந்த பெட்டிகளுக்கு ராத்திரி பிளாஸ்டிக் திரையை இழுத்து மாட்டுவான். உள்ளே காற்று ஓடினால் திரை புடைத்துக்கொண்டு கொக்கியில் நிற்காது. அதனால் எல்லாம் அணைந்த இருட்டில், செல்போன் வெளிச்சத்தில் அவன் திரையை மாட்டுவான். துர்கா போர்டின் மேல் கையை வைத்தபடி நிற்பாள். மாட்டி முடிந்ததும் பின்னாலிருந்து அவன் குரல் வரும்.

"ஏத்திடுக்கா!"

ஏத்திடு என்பதை ஒரு இழுப்பு இழுத்துப் பாட்டு மாதிரி சொல்வான். அவள் ஃப்ரீசர் சுவிட்சை மட்டும் மேலே தூக்குவாள். பெட்டிகள் உறுமும். இருவரும் வெளியே வருவார்கள், உப்பிலி ஷட்டரை இழுத்துப் பூட்டுவார். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அவர்களாகவே பழகிக்கொண்டது.

பழைய ஒப்பந்தம் முடிந்து புதியதற்கான பேச்சுவார்த்தை லேபர் ஆபீஸில் இழுத்துக்கொண்டே போனது. சங்கத்தின் சார்பில் ஜானகிராமன் பேசினார். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று, மாவட்டத்துக் கடை ஊழியர்களுக்கெல்லாம் தலைவராக இருப்பவர். கம்பெனிக்காகப் பேசியவர் ஹரிசங்கர் என்ற இளம் அதிகாரி. சம்பளத்தில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள், விடுமுறையிலும் இறங்கி வந்தார்கள். ஸ்டூல் பேச்சு வந்தால் மட்டும் கம்பெனிக்குத் தன்மானம் வந்துவிடும். "நாளைக்கு ஃபேன் கேப்பாங்க, அப்புறம் மெத்தை கேப்பாங்க" என்று முதலாளி சொன்னதாக ஜெரோம் வந்து சொன்னான். வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை முதல் வேலைநிறுத்தம் என்று இருந்தது. வெள்ளிக்கிழமை மதியப் பேச்சில் ஏதோ சொல் தடித்து இரண்டு பக்கமும் எழுந்து போய்விட, ஜானகிராமனிடம் இருந்து ஏழு கடைக்கும் போன் போனது. நாளை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே வெளியே வாருங்கள்.

அன்று சாயங்காலம் கடையில் கூட்டம். இருந்தவர்களுக்கு மட்டும் பில் போட்டு, கும்பிடு போட்டு அனுப்பினார்கள். ஜெரோம் வாசலில் நின்றுகொண்டு முழக்கத்தை ஆரம்பித்துவிட்டான். அவன் தொண்டை கடலுக்குள் படகைக் கூப்பிடுகிற தொண்டை. பெண்கள் வெட்கமும் சிரிப்புமாகப் பின்னால் சேர்ந்து சொன்னார்கள். உப்பிலி ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, இன்னொரு கையை எல்லாரையும் பார்த்து ஆட்டி, "போறதுதான் போறேள், லைட்டையாவது அணைச்சுட்டுப் போங்கோ, கரண்ட் பில் யார் கட்றது" என்று புலம்பினார். வேலையை விட்டுவிட்டுப் பாதியில் தெருவுக்கு வருவது துர்காவின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வாசலில் இருந்து ஜெரோம், "அக்கா, வாக்கா! இன்னும் இன்னா பண்ற உள்ள!" என்று கூப்பிட்டான். அவள் ஓடி வந்து வெயிலில் நின்றாள். அவளையும் மீறிக் கை மேலே போனது, முழக்கம் போட்டாள். பின்னால் உப்பிலி ஷட்டரை இழுத்துப் பூட்டினார். நன்றாகத்தான் இருந்தது.

சனியும் ஞாயிறும் கடைக்கு எதிரே சர்வீஸ் ரோட்டில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தே இருந்ததில் அவள் கால் வீக்கம் வடிந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் போகிற வழியில் நின்று படம் பிடித்தார்கள். எதிர் அடுக்குமாடியில் இருந்து ஒரு அம்மா பானையில் மோர் கொடுத்தனுப்பினாள். "உக்காரத்தானே கேக்கறாங்க, பாவம்" என்று நாலு பேர் பேசினார்கள். அப்படி ஒரு நல்ல பெயர் துர்காவுக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

திங்கள் காலை கம்பெனி ஆட்கள் போலீஸோடு வந்து ஷட்டரைத் தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். ஃப்ரீசர் எல்லாம் அணைந்து கிடந்தது. வெள்ளிக்கிழமையில் இருந்து கோழியும் மீனும் அழுகி, ஐஸ்கிரீம் உருகி, பால் பாக்கெட் உப்பி வெடித்து, தரையெல்லாம் வழுவழுப்பாக ஓடியிருந்தது. யாரோ அதைப் படம் பிடித்து அனுப்ப, மதியத்துக்குள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குரூப்புகள் எல்லாவற்றிலும் அந்த வீடியோ சுற்றியது. குழந்தைகள் குடிக்கிற பாலைக்கூட விட்டுவைக்கவில்லை என்று எழுதினார்கள். மோர் கொடுத்த அம்மா பந்தலைப் பார்க்காமல் காரில் போனாள்.

உப்பிலி வெளுத்துப்போய்ப் பந்தலுக்கு வந்தார். கூடவே ஹரிசங்கரும் வந்தார். "யாரும்மா போர்டைத் தொட்டது? சொல்லிடுங்கோ" என்று உப்பிலி எல்லாரையும் பொதுவாகக் கேட்டார். ஆனால் பார்வை துர்காவிடம் வந்து நின்றது. போர்டு அவள் வேலை என்று எல்லாருக்கும் தெரியும்.

"நா தொடல சார்" என்றாள் துர்கா. மனசறிந்துதான் சொன்னாள். அவளுக்கு அன்றைக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் முழக்கமும், வாசலும், வெயிலும்தான். "எம் பொண்ணு மேல சத்தியமா தொடல."

அவளை எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தபோது ஜெரோம்தான் நடுவில் வந்து நின்றான்.

"சார், அந்தக்கா போர்டத் தொட்டுச்சுன்னா ஃப்ரீசர ஏத்தாம வெளிய வராது. தூக்கத்துல கூட ஏத்திட்டுத்தான் வரும். வேற ஆளப் பாருங்க."

வேறு ஆளைப் பார்த்தார்கள். ஃப்ரீசருக்குப் பொறுப்பும் அவன், சங்கத்துக்குச் செயலாளரும் அவன், வாசலில் முழக்கம் போட்டதும் அவன். போர்டு இருந்த சந்தில் கேமரா கிடையாது. சரக்கை வேண்டுமென்றே நாசம் செய்ததாக ஜெரோம் பெயரில் புகார் போயிற்று. அன்று சாயங்காலமே அவனை சஸ்பெண்ட் செய்தார்கள்.

அதற்குப் பிறகு வேலைநிறுத்தத்துக்கு முதுகெலும்பு இல்லை. ஊர் வாயில் விழுந்த பிறகு யார் பந்தலில் உட்காருவது? வார முடிவுக்குள் ஒப்பந்தம் முடிந்தது. சம்பளம் கேட்டதில் பாதி. வார விடுமுறை உண்டு. ஸ்டூலும் உண்டு. இத்தனை நாள் மானப் பிரச்சினையாக இருந்த ஸ்டூலை இப்போது ஒரு பேச்சும் பேசாமல் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வேறொன்று கிடைத்துவிட்டது. ஜெரோம் விஷயம் ஒப்பந்தத்தில் சேராது, அது தனி விசாரணை.

"ஒருத்தருக்காக ஏழு கடையையும் இழுத்து மூட முடியாதும்மா. விசாரணையில நான் அவன் பக்கத்துல உக்காருவேன்" என்று ஜானகிராமன் பந்தலில் சொன்னார். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றபோது முதலில் கையைத் தூக்கியவன் ஜெரோம். "நா தப்பு பண்ணல, எனக்கு இன்னா பயம்?" என்றான். துர்காவும் தூக்கினாள். ஸ்டூல் அவள் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

மறுபடி கடை திறந்த முதல் நாள், சுத்தம் செய்கிற வேலை பாக்கி இருந்ததால் சாயங்காலமே ஷட்டரை முக்கால்வாசி இறக்கி மூடினார்கள். ஜெரோம் இடத்துக்கு சோப்பு, பவுடர் பகுதியில் இருந்த சிநேகாவைப் போட்டிருந்தார்கள். துர்கா போர்டுக்குப் போய் ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் இறக்கினாள். இருட்டானது. கையைப் போர்டின் மேல் வைத்தபடி நின்றாள்.

குரல் வரவில்லை. சிநேகாவுக்குக் கூப்பிட வேண்டும் என்று தெரியாது. அவள் திரையை மாட்டிவிட்டுப் பேசாமல் நின்றிருந்தாள். துர்காவின் கை அப்படியே கிடந்தது. தூக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தோன்றவே இல்லை. ஏத்திடு என்ற குரல் கேட்டால் தூக்கும், கேட்காவிட்டால் காத்திருக்கும். அவ்வளவுதான் அது கற்றுக்கொண்டது.

"இன்னாக்கா இருட்டுல நின்னுகினு கீற?" என்று சிநேகா பக்கத்தில் வந்து கேட்ட பிறகுதான் துர்கா சுவிட்சைத் தூக்கினாள்.

வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் நின்றாள். இப்போது தெரிந்தது. உப்பிலி லைட்டை அணைக்கச் சொன்னதும் கால்கள் பழக்கத்தில் சந்துக்குப் போயிருக்கின்றன, கை பழக்கத்தில் இழுத்திருக்கிறது. பிறகு காத்திருந்திருக்கிறாள். ஜெரோம் குரலும் வந்தது. ஆனால் வாசலில் இருந்து வந்தது, அக்கா வாக்கா என்று வந்தது. குரல் வந்துவிட்டது என்று சுவிட்சைத் தூக்காமலே அவள் போய்விட்டாள். திரையில்லை, வாசல் வெயிலில் இருட்டில்லை, பின்னால் ஆளில்லை. மகள் மேல் செய்த சத்தியம் பொய்யாகப் போயிற்று.

வீட்டில் வரதனிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"எவங்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. பொண்ணு படிப்பு முடியற வரிக்கும் வாய மூடிகினு கெட. அவன் சங்கத்து ஆளு, சங்கம் பாத்துக்கும். உனக்கு யார் கீறாங்க?"

அவன் சொன்னதில் தப்பு சொல்ல முடியவில்லை. இரண்டு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டுதான் கிடந்தாள். அவளுக்கு அது ஒத்துவரவில்லை. சோறு இறங்கவில்லை, பில்லில் பொருளை இரண்டு தடவை அடித்தாள், வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்தாள். வார விடுமுறை கிடைத்த முதல் நாளன்று, போராடி வாங்கிய அந்த விடுமுறையில், கோவளத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஜெரோம் கடற்கரையில் மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தான். சஸ்பெண்டில் இருக்கிறவன் கைக்குழந்தைக்காரன், கிடைத்த வேலையைச் செய்துதானே ஆக வேண்டும். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாக்கா, கால் எப்டி கீது? ஸ்டூல் வந்துச்சா?" என்றான். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் ஐஸை உடைத்துக்கொண்டே இருந்தான். அவள் முடித்ததும் சம்மட்டியைக் கீழே வைத்தான்.

"அத்தினி பேரு முன்னாடி உனுக்காக நா பேசனேன்கா."

"எனக்கே தெரியாதுடா ஜெரோமு. நெஜமா தெரியாது."

"சரி. இங்க வந்து எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? விசாரண வெச்சிருக்கான், அங்க வந்து சொல்லு."

சம்மட்டியை மறுபடி எடுத்துக்கொண்டான். அதற்குமேல் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

விசாரணை செங்கல்பட்டு தலைமை ஆபீஸின் மாடியில் நடந்தது. வரதன் இரண்டு நாளாகப் பேசவில்லை. துர்கா போனாள். ஹரிசங்கர் மேசைக்குப் பின்னால் இருந்தார். ஒரு பக்கம் ஜெரோமும் ஜானகிராமனும், மறு பக்கம் சாட்சிக்கு வந்த உப்பிலி. "உக்காருங்கம்மா" என்று ஹரிசங்கர் நாற்காலியைக் காட்டினார். இத்தனை வருஷத்தில் இந்தக் கம்பெனி அவளுக்குப் போட்ட முதல் நாற்காலி அது. அவள் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னாள். போர்டு, திரை, குரல், வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹரிசங்கர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது, உண்மையைத்தான் தேடினார். தேடின இடம்தான் வேறு.

"அன்னிக்கு பந்தல்ல நான் இருந்தேனேம்மா. தொடலன்னு பொண்ணு மேல சத்தியம் பண்ணீங்க."

"அப்ப தெரியாது சார். அப்புறந்தான் தெரிஞ்சுது."

"நீங்க பண்ணது உங்களுக்கே ஒரு வாரம் கழிச்சுத் தெரிஞ்சுதா?"

கை தானாகச் செய்தது என்று சொன்னால் மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு அது எப்படிப் புரியும்? அவள் உப்பிலியைப் பார்த்தாள். "சார், நீங்கதான லைட்ட அணைக்கச் சொன்னீங்க? சொல்லுங்க சார்."

"பொதுவாச் சொன்னேன். யார் அணைச்சான்னு நான் பாக்கல" என்றார் உப்பிலி. அவரைப் பொறுத்தவரை அதுவும் உண்மைதான்.

"அவங்களே ஒத்துக்கறாங்க சார், எழுதிக்குங்க" என்று ஜானகிராமன் குரலை உயர்த்தினார்.

"எழுதிக்கறேன். ஆனா ஜெரோம் அன்னிக்குச் சொன்னதையும் எழுதணும் இல்லையா?" ஹரிசங்கர் ஜெரோம் பக்கம் திரும்பினார். "இந்த அம்மா போர்டைத் தொட்டா ஃப்ரீசரை ஏத்தாம வெளிய வரமாட்டாங்க, தூக்கத்துல கூட ஏத்துவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. எங்க எல்லார் முன்னாடியும். அது உண்மையா, பொய்யா?"

ஜெரோம் வாயைத் திறந்தான். பொய் என்று சொன்னால் சங்கச் செயலாளர் அன்றைக்கு ஊர் கூட்டிப் பொய் சொன்னதாக ஆகும். உண்மை என்று சொன்னால் குற்றம் அவன் மேலேயே நிற்கும். அவன் துர்காவைப் பார்த்தான். அவளைப் பற்றி அவன் மனதாரச் சொன்ன நல்ல வார்த்தை அது.

"நெஜந்தான் சார்" என்றான். "அந்தக்கா அப்டித்தான்."

ஹரிசங்கர் எழுதிக்கொண்டார். "கூட வேலை செஞ்சவங்க மேல உங்களுக்கு இருக்கிற பாசம் புரியுதும்மா" என்று துர்காவிடம் பரிவாகச் சொன்னார். "இதனால உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. கீழ காபி குடிச்சுட்டுப் போங்க." எனக்குத் தண்டனை கொடுங்கள் சார் என்று அவள் கத்தியது மாடிப்படி வரை கேட்டது. உப்பிலிதான் கையைப் பிடித்துக் கீழே அழைத்துக்கொண்டு வந்தார்.

ஜெரோமுக்கு வேலை போயிற்று. ஜானகிராமன் வழக்குப் போட்டிருக்கிறார், அது நடக்கிறது. ஜெரோம் புதுப்பட்டினத்தில் மாமியார் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே மீன் வண்டியில் வேலையாம். துர்கா போன் செய்தால் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் அவளுக்கு உரிமையில்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தடவை அடித்துப் பார்க்கிறாள்.

ஸ்டூல் வந்துவிட்டது. நல்ல ஸ்டூல், பஞ்சு வைத்துத் தைத்தது, ஒவ்வொரு கல்லாவுக்கும் ஒன்று. கால் வீக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது, கொலுசுகூடப் போட முடிகிறது. வாடிக்கையாளர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. அவள் உட்கார்ந்திருப்பதை அவர்கள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஸ்டூலில் உட்காரும்போதெல்லாம் அவளுக்கு எரிகிறது.

கடை மூடும்போது போர்டுக்குப் போகிறவள் இன்றும் அவள்தான். ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் இறக்குகிறாள். இருட்டில் சிநேகா திரையை இழுத்து மாட்டுகிற சத்தம் கேட்கிறது, பிறகு அடங்குகிறது. கூப்பிட வேண்டும் என்று துர்கா அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கை போர்டின் மேல் கிடக்கிறது, காத்திருக்கிறது. குரல் வராது என்று அந்தக் கைக்கு இன்னும் புரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு துர்காவே வாயைத் திறந்து, ஜெரோம் இழுக்கிற அதே இழுப்பில், "ஏத்திடுக்கா" என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைத் தூக்குகிறாள்.

முதல் தடவை கேட்டபோது சிநேகா பயந்துபோய், "யாரக்கா கூப்ட்ட?" என்று ஓடி வந்தாள். இப்போதெல்லாம் அவள் கேட்பதில்லை.